ஏணியிலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு? வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். தீ, வெள்ளம், திருட்டு என்று சொல்லிச் சொல்லியே எங்களை பாலிசி எடுக்க வைத்துவிட்டீர்கள். சரி. ஆனால் கூரையைச் சரிபார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் வீட்டுக்கு வருகிறவர் ஏணியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் அவர் விழுந்த பிறகுதான் சொல்கிறீர்கள்.

நமக்குத்தான் பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் நிறையப் பேர். பிரித்துப் படித்தால், விருந்தாளி வழுக்கி விழுந்தால் ஒரு கதை, கூலிக்கு வந்தவர் விழுந்தால் வேறு கதை. பல பாலிசிகளில் வேலையாட்களின் காயம் பொடி எழுத்து விதிவிலக்குகளுக்குள் கிடக்கிறது.

வந்த கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் நம் வாசலுக்கு வராது. தொழிலாளர் இழப்பீடு எனப்படும் அந்தக் காப்பீட்டில் தவறு யாருடையது என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவும் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். 1884-ல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படையே இதுதான்: தொழிலாளி வழக்குப் போட்டு அலைய வேண்டாம், முதலாளியும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம். அந்தக் காப்பீடு இல்லாதபோது, கால் முறிந்தவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது வழக்குதான். யார் மேல்? கான்ட்ராக்டரிடம் ஒன்றும் தேறாது. வீடு வைத்திருப்பவர்தான் கண்ணில் படுவார். வழக்குப் போட்டவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

'நான் முதலாளி இல்லையே' என்று நழுவவும் முடியாது. ஏணி யாருடையது, வேலை நேரத்தை முடிவு செய்தது யார், பக்கத்தில் நின்று ஏவியது யார் என்றெல்லாம் நீதிமன்றங்கள் பார்க்கும். தினக்கூலிக்கு நேரே ஆள் வைத்து, நம் வீட்டு ஆடும் ஏணியையே கொடுத்து, 'அப்படியே அந்த மூலையையும் பாத்துடுங்க' என்று ஏற்றிவிட்டால் பல நாடுகளில் நாமே முதலாளி ஆகிவிடலாம். 'எனக்கு எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று அவரிடம் எழுதி வாங்கிய தாள் பல இடங்களில் செல்லாது.

அப்புறம் இந்தச் சான்றிதழ். 'இன்சூரன்ஸ் இருக்கா?' என்று கேட்டால் ஒரு தாளை நீட்டுவார்கள். அதை வாங்கிய மறுமாதமே பிரீமியம் கட்டாமல் விட்டிருக்கலாம். பிறர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு மட்டும் எடுத்திருக்கலாம். குழாய் வெடித்துப் பக்கத்து வீட்டுச் சுவர் ஊறினால் ஈடு கிடைக்கும், உடன் வந்த உதவியாளுக்குக் கை ஒடிந்தால் கிடைக்காது. இரண்டும் வெவ்வேறு பாலிசி என்று சாதாரண வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? மற்றவர்களைவிட மிகக் குறைந்த கூலி கேட்கும் கான்ட்ராக்டரின் கணக்கில் ஆட்களுக்கான காப்பீட்டுச் செலவே இல்லாமல் இருக்கலாம் என்பதும் தெரியாது.

எனவே இரண்டு கோரிக்கைகள். வேலைக்கு வந்தவருக்கு என் வீட்டில் அடிபட்டால் பாலிசி பணம் தருமா, தராதா, தந்தால் எவ்வளவு வரை என்பதை முதல் பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள். கான்ட்ராக்டர் காட்டும் சான்றிதழின் எண்ணைச் சொன்னால், அது இன்று நடப்பில் இருக்கிறதா, ஆட்களுக்கும் சேர்த்தா என்று சொல்ல ஒரு தொலைபேசி எண் கொடுங்கள்.

பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறீர்கள். இந்த வருடம் அதற்குப் பதிலாக இவை இரண்டையும் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
பிரீமியத்தைத் தவறாமல் கட்டிவரும் ஒரு வீட்டுக்காரர்