பெட்டிக்கு அடியில கை விட்டு பாரு

தாயி, அப்பா தான் எழுதுதேன். இப்ப மணி விடியக்காலம் மூணரை, கேரளா புனலூர் மார்க்கெட்ல லோடு எறக்கிட்டு இருக்காங்க, நான் கேபின்ல உக்காந்து போன்ல ஒவ்வொரு எழுத்தா தட்டுதேன், தப்பு இருந்தா சிரிக்காத. நேத்து ராத்திரி பாவூர்சத்திரத்துல ஏத்திட்டு கெளம்பி வந்தா புளியரை எஸ் வளைவுல ஒரு தடி லாரி குறுக்க நின்னுட்டு, ரெண்டு மணி நேரம் அங்கனயே போச்சு. சாரல் வேற விடாம அடிக்கி. அந்த ரெண்டு மணி நேரமும் உன் காலேஜ் விஷயம் தான் மண்டைக்குள்ள ஓடுச்சு. போன்ல சொன்னா நீ சரிப்பா சரிப்பான்னு வச்சிருவ, உங்க அம்மா நடுவுல புகுந்து அழ ஆரம்பிச்சிருவா, அதான் எழுத்துலயே சொல்லிருவோம்னு.

உன் கட்ஆஃப் இருநூறுக்கு 172. கணக்கு 88, பிசிக்ஸ் 82ல பாதி 41, கெமிஸ்ட்ரி 86ல பாதி 43. இத நான் மார்க்கெட்ல பத்து பேருக்காவது கூட்டி காமிச்சிருப்பேன், அதுல ரெண்டு பேரு இத விட கூட எடுத்த பிள்ளைகளோட அப்பாமாரு, இருக்கட்டும், எனக்கு கூச்சம் கெடையாது.

நீ என்ன சொன்ன, கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடச்சா போதும்பா, எந்த காலேஜா இருந்தா என்னன்னு சொன்ன. அந்த "எந்த காலேஜா இருந்தா என்ன" தான் என்ன தூங்க விடல. உங்க அண்ணன் விஷயத்துல நானும் அதே வார்த்தைய தான் சொன்னேன்.

2015ல அவன் சேரும்போது நீ சின்னப்பிள்ள, உனக்கு ஞாபகம் இருக்காது. அப்ப கவுன்சிலிங்குக்கு நேர்ல சென்னைக்கு போவணும், அண்ணா யுனிவர்சிட்டில பெரிய ஸ்கிரீன் வச்சு எந்த காலேஜ்ல எத்தன சீட்டு இருக்குன்னு காட்டுவாங்க, 2018ல தான் எல்லாம் ஆன்லைன் ஆச்சு. ஆனா நான் சென்னைக்கு போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். நம்ம டீக்கடைக்கு வர்ற ஒரு ஏஜென்ட் ஞாயித்துக்கிழமை வேன் வச்சு எங்க பத்து பேர கூட்டிட்டு போயி ஒரு காலேஜ காட்டுனான். கண்ணாடி கட்டடம், வாசல்ல ஃபவுண்டன், மத்தியானம் பிரியாணி. ஞாயித்துக்கிழமை ஒரு காலேஜ்ல என்னத்த பாக்க முடியும்னு எனக்கு அப்ப ஒறைக்கல தாயி. பிள்ளைகளும் கெடையாது, வாத்தியாரும் கெடையாது, வாட்ச்மேன் மட்டும் சல்யூட் அடிச்சான். பொறவு பாத்தா அந்த லேப் மெஷின்ல பாதி பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம கெடந்துச்சாம், இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னிக்கு தான் தொறப்பாங்களாம், ரெண்டாம் வருஷத்துலயே பாதி வாத்தியாருங்க போயிட்டாங்க. அவனும் படிக்கலங்கறது வேற கத, அத கீழ சொல்லுதேன். ஏழு அரியர் வச்சு டிகிரி முடிக்க ஆறு வருஷம் ஆச்சு.

இதுல வீட்டுல மொத ஆளா டிகிரி படிக்கறவங்களுக்கு குடுக்கற ஃபர்ஸ்ட் கிராஜுவேட் ஃபீஸ் சலுகையும் அவனோட போச்சு, அது ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவ தான். உனக்கு கெடையாது. ஆனா நீ ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சதால 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, இன்ஜினியரிங்குக்கு 2021ல கொண்டாந்தாங்க, அதுல சீட்டு கெடச்சா படிப்பு ஃபீசும் ஹாஸ்டல் ஃபீசும் கவர்மெண்டே கட்டிரும். அதுபோக கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற பொம்பளப்பிள்ளைகளுக்கு குடுக்கற புதுமைப்பெண் பணம் மாசம் ஆயிரம் உன் அக்கவுண்டுக்கு வரும், அதுல ஒரு பைசா வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பணம் கட்ட வேண்டாம்ல, அப்ப எங்க சேந்தா என்னன்னு நெனச்சிராத. பணம் கவர்மெண்டோடது, நாலு வருஷம் உன்னோடது.

இங்க மார்க்கெட்ல தக்காளிப் பெட்டி எறக்குனதும் மேல பாத்தா எல்லா பெட்டியும் ஒண்ணு தான். ரெண்டு வரிச செவசெவன்னு அடுக்கிருப்பாங்க. வெவரம் தெரிஞ்ச வியாபாரி மேல பாக்கவே மாட்டான், நேரா அடியில கை விடுவான். இங்க என்கிட்ட எப்பவும் சரக்கு எடுக்கற ஒரு சேட்டன் இருக்காரு, போன வருஷம் மகள நர்சிங் சேக்கணும்னு நம்ம பக்கம் காலேஜ் பாக்க வந்தாரு. காலேஜ் உள்ளயே போவல மனுஷன். திங்கக்கிழமை காலையில அந்த காலேஜோட ஆஸ்பத்திரி ஓபில போயி ஒரு மணி நேரம் உக்காந்து எத்தன நோயாளி வர்றாங்கன்னு எண்ணிட்டு வந்துட்டாரு. ஏன் சேட்டான்னு கேட்டா "ரோகி இல்லாத்த ஆசுபத்ரியில் எந்து படிக்கானா"ன்னாரு. எனக்கு அப்படியே செவிட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, இத்தன வருஷம் பெட்டி எறக்குத எனக்கு இது தோணல பாரு.

அதனால நீயும் நானும் கை விட்டு பாக்கணும். உங்க அண்ணன்கிட்ட ஒரு மணி நேரம் பேசி கேட்டுக்கிட்டேன், அவனுக்கு தான் எல்லா ஓட்டையும் தெரியும். வேல நாள்ல போவணும். கேட்டுக்கு உள்ள இல்ல, எதுத்தாப்ல பிள்ளைக டீ குடிக்கற கடையில நிக்கணும். முத வருஷத்து பிள்ளைககிட்ட கேக்காத, அதுகளுக்கு எல்லாம் புதுசு, மூணாம் வருஷத்து பிள்ளைககிட்ட கேளு. இந்த வாரம் லேப்ல என்ன பண்ணீங்கக்கான்னு மட்டும் கேளு போதும், பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா புரிஞ்சுக்க. ப்ளேஸ்மெண்ட் பேனர்ல நூறு மூஞ்சி இருக்கும், உங்க டிபார்ட்மெண்ட்ல எத்தன பேரு, எந்த கம்பெனி, என்ன சம்பளம், ஆர்டர் வந்தவங்கள்ல எத்தன பேரு உண்மையிலேயே போயி சேந்தாங்க, அத கேளு.

அப்பறம் அண்ணா யுனிவர்சிட்டி ஒவ்வொரு செமஸ்டரும் தன் கீழ இருக்கற காலேஜ்ல எத்தன பேரு பரிச்ச எழுதுனாங்க எத்தன பேரு பாசுன்னு பட்டியல் போடுதாம், அத மூணு நாலு செமஸ்டருக்கு எறக்கி வச்சுக்க. அட்டானமஸ் காலேஜ் அதுல வராது, அவங்களே பாடம் வச்சு அவங்களே பரிச்ச நடத்துவாங்க. தரம் பாத்து குடுக்கற நாக் (NAAC) கிரேடுன்னு போர்டுல போட்டிருந்தா அது மொத்த காலேஜுக்கும் குடுக்கறது, என்பிஏ (NBA) அங்கீகாரம் தான் தனித்தனி கோர்சுக்கு, உன் கோர்சுக்கு இருக்கான்னு பாரு. இதெல்லாம் சொல்லும்போது உங்க அண்ணன் கொரல் ஒரு மாதிரி ஆயிட்டு, நான் ஒண்ணும் கேட்டுக்கல.

ஆன்லைன் கவுன்சிலிங்ல காலேஜ் லிஸ்ட் போடும்போது பயந்துகிட்டு கெடைக்கற காலேஜ மேல போட்டுறாத. ஆசப்பட்டத மேல போடு, அது இல்லன்னா அடுத்தத, அதும் இல்லன்னா அதுக்கடுத்தத தான் கம்ப்யூட்டர் பாத்துட்டு வரும், மேல போட்டதால நட்டமே கெடையாது, எத்தன வேணும்னாலும் போடலாம். திருநெல்வேலி கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ் 1981ல இருந்து இருக்கு, அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைக்கலன்னாலும் இசிஇ, அதான் எலெக்ட்ரானிக்ஸ், போடு, எனக்கு அது மேல ஒரு கண்ணு. ஒரே மாதிரி பேரு நெறைய இருக்கு, அதனால பேர நம்பாத, காலேஜ் கோடு நம்பர நம்பு. பாஸ்வேர்ட ஒருத்தருக்கும் குடுக்காத, ப்ரவுசிங் சென்டர் காரன் மாமா மொறையா இருந்தாலும் குடுக்காத.

அம்மா சொல்லுதா, காலேஜ் பஸ் வாசல்லயே வருதுல்ல, சாயங்காலம் பிள்ள வீட்டுக்கு வந்துரணும்னு. அவ பயம் அவளுக்கு. ஆனா தெனம் மூணு மணி நேரம் பஸ்ல போச்சுன்னா நீ எப்ப படிப்ப, எப்ப லைப்ரரில உக்காருவ. நான் வாழ்க்க பூரா வண்டியில உக்காந்தவன், அந்த அலுப்பு எனக்கு தெரியும். நீ ஹாஸ்டல்ல இரு, அம்மாவ நான் பாத்துக்கிடுதேன். எப்படின்னு கேக்காத, இன்னும் யோசிக்கல.

இப்ப அண்ணன் கதைக்கு வாரேன். அவனே சொன்னான், மொத செமஸ்டர்ல மேக்ஸ் புரியல, கேக்க வெக்கம், தமிழ் மீடியம்னு சிரிப்பாங்கன்னு கடைசி பெஞ்சுக்கு போயிட்டான், அந்த மேக்ஸ் தான் கடைசி வரைக்கும் தொரத்துச்சு. நல்ல காலேஜா இருந்தாலும் இதான் நடந்திருக்கும்ப்பான்னு அவனே சொல்லுதான். தாயி, நான் மொத மொதல்ல இங்க லோடு கொண்டாந்தப்போ மலையாளம் ஒரு வார்த்த தெரியாது, நீ எவிடன்னு கேட்டான், நான் பட்டியில இருந்து வாரேன்னு சொன்னேன். மார்க்கெட்டே சிரிச்சுது. இவங்களுக்கு பட்டின்னா நாய்லா! அன்னிக்கு வாய மூடிருந்தா இன்னிக்கு இவனுககிட்ட வெல பேசுவனா. அப்படி தப்பு தப்பா பேசி தான் ஆறு மாசத்துல படிச்சேன். நீயும் இங்கிலீஷ்ல தப்பா கேளு, மொத வாரமே கேளு. வாத்தியார் சொன்னது புரியலன்னா ஐஐடி வாத்தியாருங்க எடுத்த வீடியோ என்பிடெல்னு சும்மாவே கெடைக்கி, அண்ணன் இப்ப தான் கண்டுபிடிச்சிருக்கான், ராத்திரி கடைய மூடிட்டு வந்து பாக்குதான்.

வியாழக்கிழமை எனக்கு லோடு கெடையாது. மூணாம் வருஷத்துக்கு கிளாஸ் ஓடுதாம், விசாரிச்சிட்டேன். நீ மதுரையில காலையில ஆறு மணி வண்டிய புடி, நான் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுல நிக்கேன், மூணு காலேஜ் பாத்துட்டு ராத்திரிக்குள்ள அத்த வீட்டுக்கே திருப்பி ஏத்தி விடுதேன். அந்த ஹீல்ஸ் செருப்ப போட்டுட்டு வராத, நெறைய நடக்கணும். அத்தைகிட்ட எனக்கும் சேத்து ரெண்டு இட்லி கட்டி வாங்கிக்க, அவ மொளகாப்பொடி தடவி தருவா.

எறக்கி முடிச்சுட்டாங்க. காலிப்பெட்டி எண்ணி வாங்கணும், வைக்கேன்.

அப்பா