கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது ஒரு போன் அடியுங்கள் அண்ணாச்சி

செங்கோட்டை, பிரானூர் பார்டர், புளியரையில் தொடங்கி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை கார் பட்டறை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் சேட்டன்மார்களுக்கும்,

வணக்கம். நான் பார்டரில் மரக்கடை வைத்திருக்கிறேன். என் முகம் உங்களில் பல பேருக்குத் தெரியாது, வண்டியைப் பார்த்திருப்பீர்கள். 2015 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிடிஐ டீசல் கார், மர லோடு விஷயமாக வாரத்துக்கு மூன்று தடவையாவது புனலூர் போய் வருவது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கிளட்சுக்காக ஒன்பது மாதத்தில் இரண்டு முறை இதன் கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது, அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். எந்தப் பட்டறை என்று சொல்ல மாட்டேன், அதைக் கேட்க யாரும் கூப்பிட வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸைக் கீழே இறக்கிவைத்த அன்றைக்கு, புதுச் சாமானை மாட்டுவதற்கு முன்னால், வண்டிக்காரனுக்கு ஒரு போன் அடித்து "வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ" என்று சொல்லுங்கள்.

முதல் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து வரும்போது இந்த வண்டிக்கு 105 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அதாவது டார்க். எனக்கு அது போதவில்லை, ரீமேப் செய்தேன், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டினேன். செய்து கொடுத்த பையன் முறுக்கு 320-ஐத் தொடும் என்றான், நானும் அளந்தா பார்த்தேன். இரண்டு மாதம் சொர்க்கம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பதிமூணு கண்ணறைப் பாலம் தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் நான்காவது கியரில் ஒரு மிதி மிதித்தேன், ஆர்பிஎம் முள் 2000-லிருந்து விருட்டென்று 3000-க்குப் போகிறது, ஸ்பீடோ முள் அப்படியே நிற்கிறது. பிறகு அந்த வாடை. கிளட்ச் கருகும் வாடையை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான்.

பட்டறையில் போய் நான் சொன்னது இதுதான்: "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க, இனிமே ஸ்லிப்பே ஆகக் கூடாது." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதிலுக்கு ஒருவராவது "எந்த ரோட்டுல ஓட்டுவீங்க, கூட யார் வருவாங்க, டிராஃபிக் உண்டா" என்று கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. மூன்று நாளில் வண்டி வந்தது, பில்லில் ஒரே வரி: கிளட்ச் செட், ஃப்ளைவீல், லேபர். கீழே தொகை. கேட்ட கேள்விக்குத்தானே பதில் போட்டோம் என்பீர்கள், சரி.

சாவியைத் திருப்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. நியூட்ரலில் நிற்கும்போது தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் சத்தம் போய்விடுகிறது, விட்டால் வந்துவிடுகிறது. "ஸ்டேஜ் கிளட்ச்னா அப்படித்தான், ரேஸ் வண்டிலாம் இப்படித்தான் சத்தம் போடும்" என்றார்கள். பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

பெருமையெல்லாம் புளியரை எஸ் வளைவு வரைக்கும்தான். கார்த்திகை மாதம், சபரிமலை சீசன், மேலே எங்கேயோ வைக்கோல் லாரி ஒன்று மாட்டிக்கொண்டு ஐயப்பமார் பஸ்ஸெல்லாம் வரிசையாக நிற்கிறது. பின்சீட்டில் அம்மா, அத்தை, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறைய சாமான். நான்கடி நகர்வதும் நிற்பதும்தான். பழைய கிளட்சில் ஹாஃப் கிளட்ச் பிடித்து மெல்ல ஊர்ந்துவிடுவேன், இதில் ஹாஃப் என்ற பேச்சே இல்லை. விட்டால் ஒரு குதி குதித்து நிற்கிறது, கூட ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி மொத்தமும் உதறுகிறது. ஒன்றரை கிலோமீட்டருக்குள் பதினோரு தடவை ஆஃப் ஆனது, பையன் எண்ணிக்கொண்டே வந்தான். அம்மா கடைசியில் கேட்டாள்: "ஏய்யா, வண்டிக்கு விக்கலா எடுத்திருக்கு?"

அந்த விக்கலுக்குக் காரணம் எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இருக்காது. அதுதான் என் ஆதங்கமும். தெரிந்த நீங்கள் தெரியாத என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் பார்டரில் பழைய மரமில்கள் டீசல் எஞ்சினில் ஓடிய காலத்தை அப்பா சொல்வார். எஞ்சினின் இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் இரும்புச் சக்கரம் இருக்குமாம். அது வேகம் பிடித்துவிட்டால், தடியில் முடிச்சு வந்து ரம்பம் திணறும்போதும் சக்கரத்தின் பாரமே எஞ்சினை இழுத்துக்கொண்டு போய்விடும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இரும்புத்தட்டான கார் ஃப்ளைவீலும் செய்வது இதைத்தான். எனக்கு மாட்டியதைப் போல அதன் பாரத்தைக் குறைத்தால், அதுவும் விளிம்பில் குறைத்தால், எஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் டிராக்கில் கியரை மாற்றி மாற்றி ஓட்டுகிறவனுக்கு அது வரம். ஆனால் முடிச்சு வந்தால் தாங்காது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு புளியரை ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் என் வண்டிக்கு முடிச்சு.

அதோடு போகவில்லை. கம்பெனி வைத்து அனுப்பியது டிஎம்எஃப் என்று நீங்கள் சொல்லும் இரட்டை ஃப்ளைவீல். வெளியே பார்க்க ஒரே சக்கரம், உள்ளே இரண்டு தட்டு, நடுவில் வில்லாக வளைந்த நீள ஸ்பிரிங்குகள் கிரீஸில் கிடக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு குத்து குத்துகிறது, டீசலில் அந்தக் குத்து பலம். அதைக் கியர்பாக்ஸுக்கு விடாமல் அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டு சிங்கிள் மாஸ், அதாவது அந்த ஸ்பிரிங்குகள் இல்லாத ஒற்றைச் சக்கரம் போட்டால் குத்தெல்லாம் நேரே கியர் பற்களுக்குப் போகிறது. என் புளியங்கொட்டைச் சத்தம் அதுதான், ரேஸும் இல்லை ஒன்றும் இல்லை. சிங்கிள் மாஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. டிஎம்எஃப் விலை கூடுதல், தேய்ந்துவிட்டால் பெரும்பாலும் லேத்தில் சீவிச் சரிசெய்யவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். இதையெல்லாம் சொல்லி "காசு மிச்சம், சத்தம் வரும், பரவாயில்லையா" என்று கேட்டிருந்தால் நான் சரி என்றே சொல்லியிருக்கலாம்.

ஃப்ளைவீலை ஒட்டிப் பிடிக்கும் கிளட்ச் டிஸ்க்கும் அப்படித்தான். முழு வட்டமாக லைனிங் ஒட்டிய ஆர்கானிக் டிஸ்க்குக்குப் பதில் அதிரசம் மாதிரி ஆறு செராமிக் துண்டு வைத்தது. சூடு தாங்கும், கவ்வும். கவ்வுகிற வேகத்தில் நயம் போய்விடும். டிஸ்க்கை ஃப்ளைவீலோடு சேர்த்து அமுக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தம், லைனிங்கின் உராய்வு, உராய்கிற வட்டத்தின் அளவு, இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குத் தாங்கும் என்பது. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும், உராய்வைக் கூட்டினால் வண்டி உதறும். எனக்குக் காலில் கொஞ்சம் கனத்தால் பரவாயில்லை, அம்மாவுக்கு விக்கல் வேண்டாம். கேட்டால்தானே சொல்வேன்?

மாசி மாதம் போல வேறொரு அதிர்வு தொடங்கியது. 2500 ஆர்பிஎம்மில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம், அதோடு கிளட்ச் மறுபடியும் நழுவ ஆரம்பித்தது. இந்தத் தடவை புனலூரில் ஒரு சின்னப் பட்டறையில் விட்டேன், ஷெட்டுக்கு போர்டுகூடக் கிடையாது. மறுநாள் மதியம் போன். "சேட்டா, ஒண்ணு வந்நு நோக்கணே." போனேன்.

கியர்பாக்ஸ் டயர் மேல் சாய்ந்து கிடந்தது. மேஸ்திரி டார்ச்சை எஞ்சின் பக்கம் அடித்து விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், விரல் நுனியில் கறுப்பாக எண்ணெய். எஞ்சின் தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து டிஸ்க்கில் தெறித்திருக்கிறது, நழுவலுக்கு அதுதான் காரணம். போன தடவை அவ்வளவும் கழற்றிப்போட்டிருந்தபோது சீலை மாற்றியிருந்தால், அதுக்கென்று தனிக்கூலியே கிடையாது. பிறகு ஃப்ளைவீல் போல்ட்டுக்கு வந்தார். ஆறு போல்ட்டில் ஒன்று ஸ்பானர் தொட்டதுமே கழன்றுவிட்டதாம். அதன் பக்கத்தில் ஒரு புதுப் போல்ட்டை வைத்து, இரண்டின் புரியையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தலைப்பக்கம் கச்சிதமாக உட்கார்கிறது, நுனிக்குப் போகப்போக மயிரிழை இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறது. பழைய போல்ட் நீண்டுபோயிருக்கிறது.

இந்த வகைப் போல்ட்டே முறுக்கும்போது கொஞ்சம் நீளுவதற்காகச் செய்தது, அந்த நீட்சியில்தான் பிடிப்பு. ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்கள் பலவற்றுக்கும் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று, அதாவது 90 டிகிரி. ஒரு தடவைதான், கழற்றினால் குப்பைக்கு. என் பழைய போல்ட்டையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள், ஒன்று தளர்ந்திருக்கிறது, நடுக்கம் அங்கிருந்து. ஆறு போல்ட்டின் விலை நான் அன்றைக்குப் பார்டரில் வாங்கித் தின்ற பரோட்டா, கோழிக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவுதான் வரும். எஞ்சினோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் சுற்றுகிற இரும்புத்தட்டு அந்தப் போல்ட்டை நம்பித்தான் இருக்கிறது அண்ணாச்சி. அமெரிக்காவில் ரேஸ் ஃப்ளைவீலுக்கென்றே எஸ்எஃப்ஐ 1.1 என்று ஒரு தரச்சான்று வைத்திருக்கிறார்கள். உடைந்தால் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் என்பதால்தான் அது. இங்கே வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து "வெயிட் குறைச்சுத் தாங்க" என்று கேட்கிற தம்பிகளையும் பார்க்கிறேன், அவர்களுக்குச் சீவிக் கொடுக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

"பணி கிட்டி" என்றார் மேஸ்திரி. நாம் வேலை கிடைத்தது என்று நினைப்போம், மலையாளத்தில் அதற்கு ஆப்பு விழுந்தது என்றும் அர்த்தம். என் விஷயத்தில் இரண்டும் சரி.

பேசி முடிவெடுத்தோம். புது டிஎம்எஃப், ஆர்கானிக் டிஸ்க், அழுத்தம் கூடின பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், சீல், ஆறு போல்ட். புது டிஸ்க்கின் நடுவே ஜெர்மனில் ஒரு வார்த்தை பொறித்திருந்தது, "கெட்ரீபஸைட்டெ", கியர்பாக்ஸ் பக்கம் என்று அர்த்தம். திருப்பி மாட்டினால் டிஸ்க்கின் நடுவே புடைத்திருக்கும் குடம் ஃப்ளைவீல் போல்ட்டில் போய் இடிக்கும், கிளட்ச் விடவே விடாது, மறுபடியும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஃப்ளைவீல் முகத்தை பிரேக் கிளீனர் போட்டு வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடைத்தார். அந்தத் துணியை நான் பார்த்தேன், அதுக்குத்தான் கூப்பிட்டதே. முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் கியர் மாற்றி மாற்றி மெதுவாக ஓட்டு, மிதிக்காதே என்றார். ரீமேப்பையும் ஒரு படி குறைத்துக்கொண்டேன். அதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது, கேரளாவில் கிளம்பின ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் போட இன்னொரு பிரிவும் வந்திருக்கிறது. ஆரியங்காவில் கைகாட்டி நிறுத்தும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. ரீமேப் வண்டியென்று தெரிந்தே வேலை செய்கிறவர்கள் இதையும் வாயைத் திறந்து சொல்லிவிடலாம்.

கஸ்டமர் வந்து நின்றால் தொணதொணப்பான், வேலை கெடும் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான், என்னை மாதிரி ஆள் வந்தால் இருபது கேள்வி கேட்பேன். ஆனால் கியர்பாக்ஸை இறக்குவது அரை நாள் வேலை, அதைத் திரும்ப இறக்குவதும் அரை நாள் வேலை, நான் வந்து நிற்பது பத்து நிமிஷம். வர முடியாதவனுக்கு வாட்ஸப்பில் நாலு படம் போதும்: பழைய டிஸ்க், ஃப்ளைவீல் முகம், சீல், புதுப் போல்ட் பாக்கெட். பில்லில் என்ன டிஸ்க், எந்த ஃப்ளைவீல், போல்ட் புதுசா பழசா என்று மூன்று வரி கூட எழுதுங்கள், அதுக்கு எழுத்துக்கூலி வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஆறு போல்ட்டும் என் கடை மேசை டிராயரில் கிடக்கின்றன, பக்கத்திலேயே புதுசு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். பார்டர் பக்கம் வந்தால் எட்டிப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறேன். டீயும் உண்டு.

இப்படிக்கு,
பிரானூர் பார்டரிலிருந்து ஒரு மரக்கடைக்காரன்