கணக்கு தாயின் பெயரில், கைபேசி யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக வங்கியின் குளோபல் ஃபின்டெக்ஸ் ஆய்வின்படி, 2011-இல் உலகில் வயது வந்தோரில் 51 விழுக்காட்டினரிடமே நிதிக் கணக்கு இருந்தது. 2021-இல் அது 76 ஆனது. மகிழ்ச்சிதான். ஆனால், பல வீடுகளில் இருப்பது ஒரே திறன்பேசி. கணக்கு தாயின் பெயரில் இருந்தாலும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) போய்ச் சேருவது கணவர் கைக்கோ மகன் கைக்கோதான். தன் இருப்பு எவ்வளவு என்று பார்க்கவே அந்தத் தாய் மற்றவருக்கு ஓய்வு கிடைக்கும்வரை காத்திருக்கிறார். இதை வங்கிச் சேவை எட்டிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சி முகாம்களில் கைபேசியில் பணம் அனுப்பும் செயலியை நிறுவக் கற்றுத்தருகிறார்கள். அதற்கு முன் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்’ என்று யார் சொன்னாலும், உங்கள் பணம் போகப்போகிறது என்று பொருள். இது தெரியாமல் சேமிப்பை இழந்த முதியவர்கள், வெட்கத்தில் வீட்டாரிடம்கூட வாய் திறப்பதில்லை. தயவுசெய்து அவர்களைத் திட்டாதீர்கள். உடனே வங்கிக்குத் தெரிவித்தால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்புண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. வங்கிகளின் புகார் எண்களைத் தங்கள் நாளிதழ் பெரிய எழுத்தில் அடிக்கடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்