சவுல் பதவிக்கு அலைந்தவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வேதாகம ராஜாக்கள் தொடரில் இந்த மாதம் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலைப் பற்றி நாலு பக்கம் போட்டிருக்கிறீர்கள். ‘பதவி ஆசை பிடித்து அலைந்து, அந்த ஆசையாலேயே அழிந்தவன்’ என்று முதல் பத்தியிலேயே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். அப்புறம் மீதிப் பக்கங்கள் எதற்கென்று தெரியவில்லை.

சவுல் அலைந்தது உண்மைதான், ஆனால் தகப்பன் கீசின் கழுதைகள் காணாமற்போய் அவற்றைத் தேடி அலைந்தார். மிஸ்பாவில் ராஜாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப்போட்டு அது அவர் பேருக்கு விழுந்தபோது ஆளையே காணோம். தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தவரை ஓடிப்போய் அழைத்துவந்தார்கள். 1 சாமுவேல் பத்தாம் அதிகாரம்; உங்களுக்குத் தெரியாததா? ‘இவனா நம்மைக் காப்பாற்றப் போகிறான்’ என்று சிலர் இளப்பமாகப் பேசியதைக் காதில் வாங்காமல் இருந்தார். ராஜாவான பிறகும் வயலுக்குத்தான் போனார். மாடுகளுக்குப் பின்னால் நடந்து வரும்போதுதான், யாபேஸ் ஊராரின் வலது கண்களைப் பிடுங்கப்போவதாக அம்மோனியனான நாகாஸ் மிரட்டுகிற செய்தி வந்தது. படை திரட்டிப்போய் அவர்களை மீட்டார். முன்பு இளப்பமாகப் பேசியவர்களைக் கொல்ல வேண்டுமென்று ஜனங்கள் நின்றபோது, இன்றைக்கு யாரும் சாகக் கூடாது என்று தடுத்தவரும் அவரே. இவர்தான் பதவி ஆசை பிடித்தவர்!

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், எங்கள் திருச்சபைச் சேகரத்தில் என்னையும் வேண்டாம் வேண்டாம் என்றபோது பிடித்துச் செயலாளர் ஆக்கினார்கள். ஆலயக் கூரை வேலை பாதியில் நின்றதும், என்னைக் கைதட்டித் தேர்ந்தெடுத்த அதே ஆட்கள்தான் ‘பதவி ஆசை’ என்று ஆரம்பித்தார்கள். வெளியே நின்று எழுதுகிறவர்களுக்கு இது புரியாது.

கில்காலில் சவுல் பலியிட்ட கதையை உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். மிக்மாசில் எதிரிகளான பெலிஸ்தர் கடற்கரை மணலைப் போல வந்து இறங்கியிருக்கிறார்கள். இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லை. கலப்பைக் கொழுவைத் தீட்டவும் அந்தப் பெலிஸ்தரிடமே போக வேண்டிய நிலை. சவுலையும் அவர் மகன் யோனத்தானையும் தவிர வேறு யார் கையிலும் வாளோ ஈட்டியோ கிடையாது. தான் வந்து பலி செலுத்துவதாகத் தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாளும் சவுல் காத்திருந்தார். படை கரைந்து சுமார் 600 பேரானது. பொறுக்க முடியாமல் இவரே பலி செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது!

பலியிட்டது தப்பு. கர்த்தரின் கட்டளையை மீறி அமலேக்கியரின் ராஜாவான ஆகாகை உயிரோடு விட்டதும் தப்பு. நோபின் ஆசாரியர்கள் 85 பேரைக் கொல்லச் சொன்னதை எந்த மனுஷனாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ‘ஜனங்களுக்குப் பயந்தேன்’ என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று பெண்கள் பாடின நாளிலிருந்து, கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயம். ஏலா பள்ளத்தாக்கில் கோலியாத்துக்குப் பயம், கடைசியில் எந்தோரில் இருட்டில் போய்க் குறி கேட்கிற அளவுக்குப் பயம். பயந்து கெட்டவரை ஆசையால் கெட்டவர் என்று எழுதலாமா?

படத்தையாவது சரியாகப் போட்டிருக்கலாம். இஸ்ரவேலில் அவரைவிட அழகன் இல்லை, எல்லாரும் அவர் தோளுக்குக் கீழே என்று வேதம் சொல்கிறது. நீங்கள் கூன் விழுந்த, வளைந்த மூக்குக் குள்ளரை வரைந்திருக்கிறீர்கள். முன்பு வந்த இஸ்ரேல் பயணக் கட்டுரையில் பெத்சானின் ரோமானிய நாடக அரங்குக்கு மட்டும் அரைப் பக்கம். கில்போவா மலையில் செத்த சவுலின் உடலைப் பெலிஸ்தர் தொங்கவிட்டது அந்த ஊர் மதிலில்தான் என்று ஒரு வரி கிடையாது. யாபேஸ் ஊரார் நன்றி மறக்காமல் இரவெல்லாம் நடந்துவந்து, அந்த உடலை எடுத்துப்போய் ஏழு நாள் உபவாசம் இருந்ததும் கிடையாது. அன்னையர் தினச் சிறப்பிதழுக்கு ரிஸ்பாளைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு கடிதம் போட்டேன். கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களை அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும் வரை பறவையும் மிருகமும் தொடாமல் காத்த தாய் அவள், சவுலின் மறுமனையாட்டி. நீங்கள் கேக் செய்முறை போட்டீர்கள். சரி, அது உங்கள் விருப்பம்.

கட்டுரையைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. 47-ஆம் பக்கக் குறுக்கெழுத்தில் ‘பதவி வெறி பிடித்த ராஜா’ என்று மூன்று கட்டம் விட்டிருக்கிறீர்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதை நிரப்பி அனுப்புகிறார்கள். அடுத்த இதழில் விடை வரும்போது அந்தக் குறிப்பை மட்டும் மாற்றிவிடுங்கள். பதவிக்கு அலைந்தவன்தான் வேண்டுமென்றால், சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்ற அபிமெலேக்கு இருக்கிறான். அவன் பேர் மூன்று கட்டத்தில் அடங்காது என்றால் அது உங்கள் பாடு.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகர்