கொரோமாண்டல் தாண்டும்போது

காத்ர் போர்ன், மொரீஷியஸ்
செப்டம்பர் 24, புதன் ராத்திரி

அடி குண்டூசி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சின்னவளுக்குக் காது குத்தியதை நீ எழுதியிருந்த அழகில் அவள் அலறல் இங்கே வரை கேட்டது. உன் நாத்தனாரின் தோட்டுச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் முடிவைச் சொல்லிவிடு.

வாட்ஸ்அப்பில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் யாருக்கும் தமிழ் புரியாது, எதை வேண்டுமானாலும் உரக்கப் பேசலாம்தான். ஆனால் அழுதால் புரிந்துவிடுமே. அதனால்தான் பேனா.

'தமிழ்க் குடும்பம், கோவில் கமிட்டியில் இருக்கிறார்கள், பையன் தண்ணியடிக்க மாட்டான்' என்று தரகர் சொன்ன மூன்றும் உண்மை. முருகன் படம் இல்லாத அறை கிடையாது. மாமியார் திருப்புகழ் பாடுவார், பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு. ஆனால் 'சாப்பிட்டாயா' என்று கேட்க ஆளில்லை. எல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சு. இந்த ஊர் ரூபாய் நோட்டைப் பார், ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கப்புறம்தான் இந்தி. 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கொதித்துப்போய், கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாமியாரும் கூட்டத்துக்குப் போனாராம். இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார், கிரியோலில். வந்த புதிதில் கடையில் நோட்டை நீட்டும் முன் அந்தத் தமிழை ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பேன். தமிழ் படித்து பி.எட். முடித்தவள் நிலைமை.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்ன சொல்ல? கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. காலையில் மெட்ரோ பிடித்து எபேனுக்கு வேலைக்குப் போவார், சாயங்காலம் வந்ததும் 'கொரெக்?' என்பார். எல்லாம் சரிதானே என்று அர்த்தம். நானும் 'கொரெக்' என்பேன். மூன்று வருஷம் ஐந்து மாதமாகக் குடும்பம் இந்த ஒரு சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. அதில் என் ஓரகத்தி இருக்கிறாள். அவருடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போய் ஏழு வருஷம். இவள் கிரியோல் பெண், ஆப்பிரிக்க வழி வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், மாதா கோவிலுக்குப் போகிறவள். ஆனாலும் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து கோர் த கார்த் மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பாள். புருஷனோடு எடுத்துப் பழகியது, அவர் போன பிறகும் விடவில்லை. இந்தத் தீவில் அது அதிசயமும் இல்லை. எனக்குக் கிரியோல் கற்றுக்கொடுத்தது அவள்தான், அடுப்படியில் வைத்து. முருங்கைக் கீரையைக் காட்டி 'ப்ரெட் மூரும்' என்றாள், ரசத்தை 'ரசோன்' என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இங்கே வந்து நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறி போடுவார்களே, அதில் அவள் வைக்கும் பலாக்காய்க் கறிக்கு நம் தஞ்சாவூர் சமையல்காரரே வந்து கையேந்த வேண்டும். ஆனால் மாமியார் அவள் தொட்ட பாத்திரத்தைத் தனியே வைப்பார். கிரியோல்காரி என்பதால் என்று நினைத்திருந்தேன். மக்கு.

நம் பக்கம் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடப்பார்கள் அல்லவா, அது முடிகிற நாளில் இங்கேயும் ஒரு நடை உண்டு. பேர் லவால் என்று ஒரு பாதிரியார், 1864 செப்டம்பர் 9ஆம் தேதி இறந்தவர். போர்ட் லூயிஸில் சேந்த் குரூவா என்ற இடத்தில் அவர் சமாதி. எல்லா மதத்துக்காரர்களும் எட்டாம் தேதி ராத்திரி நடந்தே போவார்கள். நானும் வருகிறேன் என்று ஓரகத்தியோடு கிளம்பிவிட்டேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சாமி காரியமாயிற்றே, வாயைத் திறக்கவில்லை.

ரோஸ் ஹில், போ பாசேன் எல்லாம் தாண்டினால் கொரோமாண்டல் என்று ஓர் ஊர். பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சோழமண்டலம்டி! வெள்ளைக்காரன் வாயில் விழுந்து அப்படி ஆனது. 'இது என் ஊர்ப் பெயர்' என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். 'உன் ஊர் வந்துவிட்டது என்றால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்' என்றாள்.

அண்ணன் போன இரண்டாம் வருஷத்திலிருந்து அவளுக்கும் அவருக்கும். ஒளித்து வைக்கவில்லை, கட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் போய் நின்றாராம். அண்ணி தாய்க்குச் சமம், அதிலும் கிரியோல்காரி. மாமியார் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. நான்காம் நாள் மகன் தலையாட்டிவிட்டார், இந்தியாவிலிருந்து பெண் எடுக்க. ஆறு மாதத்தில் நம் ஊர் மண்டபம், நீ வாழைப்பூ வடை தீர்ந்துவிட்டதென்று சண்டை போட்டாயே, அந்தக் கல்யாணம்.

'நீ வந்த அன்றைக்கே நிறுத்திவிட்டோம்' என்றாள்.

'எதை?'

'கதவைத் திறப்பதை.'

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கோபம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன், கால் கொப்புளம்தான் வந்தது. சமாதியில் அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். விடிந்ததும் பக்கத்திலுள்ள கைலாசோன் கோவிலுக்குப் போனோம். சொக்கலிங்கம், மீனாட்சி. அந்த அம்மன் முன்னால் நின்றபோதுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் மேல் இல்லை, குண்டூசி. அவர்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டதில் எனக்கு வழக்கே கிடையாது. பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவே வேலி போட முள் தேடி தஞ்சாவூர் வரை வந்தார்களே, என் அம்மா நகையை அடகு வைத்து அந்த முள்ளை அனுப்பிவைத்தாளே, அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

மாமியாருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'உனக்கு அவளால் நிம்மதியில்லை என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார். வேலியைப் பிடுங்கித் தடியாக்கப் பார்க்கிறார். 'மோ பா கோனே' என்றேன். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். ஓரகத்தி சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம் போல 'கொரெக்?' என்றார். 'பா கொரெக்' என்றேன், சரியில்லை என்று. ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் தமிழில், 'மன்னிப்பு' என்றார். அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லை. கூகுளில் தேடியிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மனிதர் பயந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார்.

இனி என்ன என்பதுதான் புரியவில்லை. இங்கே கணவனோடு ஒரே கூரையின் கீழ் நான்கு வருஷம் இருந்தால்தான் குடியுரிமைக்கு மனுப் போடலாம். இன்னும் ஏழு மாதம் பாக்கி. 1834இல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வரத் தொடங்கியவர்கள் ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு வைத்தார்கள். அவர்கள் ஏறிவந்த 16 படிகள் துறைமுகத்தில் இன்னும் இருக்கின்றன. எனக்கு ஒரு வருஷம் தள்ளுபடி. ஏழு மாதம் பொறுத்துக் காகிதத்தை வாங்கிக்கொள், பிறகு உன் இஷ்டம் என்கிறார் அவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஓரகத்தியோ மாயேபூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்கிறாள். அவள் போனால் இந்த வீட்டில் எனக்கென்று யார்? இதை அவளிடம் சொன்னபோது அவள் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

காகிதத்துக்காக ஏழு மாதம் பெண்டாட்டியாக இருப்பது, இத்தனை நாள் எல்லோரும் சேர்ந்து ஆடியதைவிடப் பெரிய பொய்யா? நீ சொல். ஆனால் போன கடிதத்தில் எழுதியது போல 'ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லாதே. அதைக் கொண்டுவந்து எந்த இடைவெளியில் நடுவதாம்?

ஒரு காரியம் செய். அம்மா வீட்டுப் பச்சை டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், என் பி.எட். சான்றிதழ் இருக்கிறது. பளிச்சென்று படமெடுத்து அனுப்பு. இந்த ஊர்ப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே வந்தாலும் அது வேண்டும். எதற்கு என்று அம்மா கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி. மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல், அது பொய்யில்லை.

நாளைக்கு வியாழக்கிழமைச் சந்தை. ஓரகத்தி துணிக்கடை போடுகிறாள், விடியும் முன் நானும் கூடப் போகிறேன். பின்கட்டில் விளக்கு எரிகிறது, பாவாடைகளை மடித்துக்கொண்டிருப்பாள். போய்க் கை கொடுக்க வேண்டும்.

உன்
வெள்ளரிக்காய்