கரியால் வரைந்த தாடி

அன்புள்ள நண்பனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி குறைந்து தோப்புக்கு நடந்தே போய் வருகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. போன வாரம்தான் ரயிலேற்றிவிட்டு வந்தேன், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. லெந்து என்னும் தவக்கால நாட்கள் என்பதால் புதன்கிழமை மாலை ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். பொறையாறில் வெயில் இப்போதே ஏறிவிட்டது.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு அதன் இரண்டாம் பக்கம்தான் காரணம். உங்கள் ஊர் கன்வென்ஷன் நற்செய்திக் கூட்டத்தில் பேசிய ஊழியர், "யூதர்கள் ஆண்டவரைக் கொன்றார்கள், இரத்தப்பழியைத் தங்கள் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அதனால்தான் ஹிட்லர் கையில் 60 லட்சம் பேர் செத்தார்கள்" என்றாராம். கூட்டம் முழுக்க ஆமென் சொன்னபோது உனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது என்றும், நீ நினைத்தது தப்பா என்றும் கேட்டிருந்தாய். தப்பே இல்லை. அங்கே நான் இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிரசங்கத்தின் விதை நம் இரண்டு பேருக்குள்ளும் சின்ன வயதிலேயே விழுந்ததுதான் என்பது இந்தப் பத்து நாளில் எனக்கு உறைத்தது.

ஞாயிறு பள்ளியில் பெரிய வெள்ளிக்கு நாம் போட்ட நாடகம் ஞாபகம் இருக்கிறதா? நீ பேதுரு. நான் கூட்டத்தில் நின்று "சிலுவையில் அறையும்" என்று கத்துகிற யூதன். எங்கள் ஐந்து பேருக்கும் அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தாடியும் முறுக்கு மீசையும் வரைந்துவிட்டார்கள். வேர்வையில் கரி வழிந்து என் வெள்ளைச் சட்டைக் கழுத்தெல்லாம் கறுப்பாகி, அம்மாவிடம் அடி வாங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அப்போது பெருமையாக இருந்தது, அவ்வளவு நன்றாக நடித்துவிட்டோம் என்று. இப்போது யோசிக்கிறேன். பேதுருவாகிய உனக்குத் தாடி இல்லை. இயேசுவாக நின்றவனுக்கு இல்லை. மரியாளும் யோவானும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று நின்றார்கள். கெட்டவர்கள் மட்டும்தான் யூதர்கள். மேடையில் இருந்தவர்களில் ரோமர்களான பிலாத்துவையும் போர்ச்சேவகரையும் தவிர அத்தனை பேரும் யூதர்கள் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் என்ன சொல்கிறோம்? "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு." ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்துத் திருச்சபை எழுதிவைத்த ஒரே பெயர் ஒரு ரோம அதிகாரியுடையது. சிலுவை ரோமர்களின் தண்டனை. அன்றைக்குப் பிலாத்துவின் முற்றத்தில் கூடி நின்றது ஒரு கும்பல் மட்டுமே, அலெக்சாந்திரியாவிலும் ரோமாபுரியிலும் வாழ்ந்த யூதர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மாரடித்து அழுதுகொண்டே பின்னால் போன பெண்கள் யூதர்கள். பெந்தெகொஸ்தே நாளில் சபையில் சேர்ந்துகொண்ட ஏறக்குறைய 3000 பேரும் யூத மார்க்கத்தார். "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கூட்டம் கத்திய வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த இரத்தம் பழிவாங்கக் கூப்பிடுகிற இரத்தம் என்றால், நற்கருணையில் நாம் எதைப் பானம்பண்ணுகிறோம்? ஆபேலின் இரத்தத்தைவிட நன்மையானவற்றைப் பேசுகிற இரத்தம் என்றுதானே எபிரெயர் நிருபம் சொல்கிறது?

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. நாம் தரங்கம்பாடி மண்ணில் வளர்ந்த லூத்தரன் பிள்ளைகள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706இல் கப்பல் இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை 1715க்குள் இங்கேயே அச்சடித்து முடித்தார். அந்தப் புத்தகம் நம் தாத்தாக்கள் கைக்கு வந்ததற்குப் பின்னால், நம் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இருக்கிறார். விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு, அது கிருபையாய் வருவது, நாம் சம்பாதிப்பதல்ல என்பதை அவர் வழியாகத்தான் நான் கற்றுக்கொண்டேன். அப்பா இறந்த இரவில் என்னைத் தாங்கிப் பிடித்ததும் அந்த உபதேசம்தான்.

அதே லூத்தர் 1523இல் இயேசு யூதராய்ப் பிறந்தார் என்று ஒரு சிறு நூலே எழுதினார். அவர்கள் ஆண்டவருக்கு இரத்த சொந்தம், நாமெல்லாம் கொண்டான் கொடுத்தான் வழியில் ஒட்டிய உறவு என்பது அதன் சாரம். இருபது வருஷம் கழித்து, 1543இல், அதே கை வேறொன்றை எழுதிற்று. யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பிடுங்குங்கள், அவர்களுடைய குருமாரான ரபீமார் போதிக்கக் கூடாது. அதன் ஒரு பகுதியை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுவிசேஷத்தைக் கேட்டால் யூதர்கள் திரளாக வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார், வரவில்லை, கசந்துபோனார் என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கிருபை என்று ஓயாமல் போதித்த மனிதர், தன் அழைப்பை ஏற்காதவன்மேல் இப்படி நெருப்பைக் கேட்டது எனக்கு இன்றுவரை ஆறாத காயம்.

அந்த நெருப்பு விழத்தான் செய்தது. 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனி முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன, உடைக்கப்பட்டன. விடிந்தால் 10ஆம் தேதி, லூத்தர் பிறந்த நாள். அந்நாட்டின் துரிங்கியா பகுதி பிஷப் மார்ட்டின் சாஸ்ஸே லூத்தரின் அந்த வரிகளைத் திரட்டி ஒரு சிறு புத்தகம் போட்டு, லூத்தர் பிறந்த நாளன்று ஜெப ஆலயங்கள் எரிகின்றன என்று முன்னுரையில் மகிழ்ந்தார். ஒரு பிஷப்! அதே நாட்களில் அதே நாட்டில் இன்னொரு லூத்தரன் போதகர், டீட்ரிச் போன்ஹோஃபர், தன் வேதாகமத்தைத் திறந்து 74ஆம் சங்கீதத்தில், தேசத்திலுள்ள தேவனுடைய ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்தார்கள் என்கிற வசனத்துக்குப் பக்கத்தில் 9.11.38 என்று தேதியைக் குறித்தார். அவ்வளவுதான், வேறு விளக்கம் எதுவும் இல்லை. யூதனுடைய ஆலயம் எரிந்தால் எரிந்தது தேவனுடைய ஆலயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோஸன்பர்க் நாஜி வதைமுகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. லூத்தரின் அந்த எழுத்துகளை அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1994இல் வெளிப்படையாகவே தள்ளிவிட்டது. நம் பக்கத்தில் அப்படியொரு எழுத்து இருப்பதே பலருக்குத் தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தில் 9 முதல் 11ஆம் அதிகாரம் வரை இருக்கிறது. இந்தத் தடவை அதை உன் தோப்பை மனதில் வைத்துக்கொண்டு படித்தேன். போன ஆடியில் நீ ஒட்டுக் கட்டினாயே, எப்படிக் கட்டினாய்? கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மாங்கன்றின் மேல் நல்ல செந்தூராக் கிளையை வைத்துக் கட்டினாய். வேர் முரடு, கிளை உயர்ந்த சாதி. பவுல் சொல்லுவது அப்படியே தலைகீழ். நல்ல ஒலிவ மரத்தில் காட்டொலிவக் கிளையை ஒட்டியிருக்கிறது என்கிறார். சுபாவத்துக்கு விரோதமான வேலை இது என்று அவரே சொல்லுகிறார். பொதுவாகத் தோட்டக்காரன் இப்படிச் செய்யமாட்டான். செய்தால் காட்டுக்காய்தான் காய்க்கும் என்று உனக்குத் தெரியாதா? காட்டுக்கிளையாகிய நம்மை ஆண்டவர் அப்படி ஒட்டினாரே, அதற்குப் பெயர்தான் கிருபை. பிறகு பவுல் நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்: "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்." கன்வென்ஷன் பந்தலில் ஆமென் போட்ட அத்தனை பேரும் ஒட்டுக்கிளைகள், நானும் சேர்த்து.

அப்படியானால் கிறிஸ்து இல்லாமல் யூதனுக்கு இரட்சிப்பு உண்டா என்று அடுத்த வரியில் கேட்டிருந்தாய். என் விசுவாசத்தை மறைக்கமாட்டேன். இயேசுவைத் தவிர வேறு இரட்சகர் இல்லை என்றுதான் நம்புகிறேன், யூதனுக்கும் சரி, எனக்கும் சரி. ஆனால் இஸ்ரவேலைத் தேவன் அழைத்த அழைப்பு மாறாதது என்றும் அதே பவுல் எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதைத் தேவனே அறிவார். கத்தோலிக்கர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். 1965இல் அவர்களுடைய இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மேல் மொத்தமாய்ப் பழி சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. 2015இல் வெளிவந்த வத்திக்கான் ஆவணம், இரட்சிப்பு கிறிஸ்துவாலேயே வருகிறது, யூதர்களும் அதில் பங்குள்ளவர்கள், எப்படி என்பது தேவ இரகசியம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. பவுலும் 11ஆம் அதிகாரத்தை விளக்கத்தோடு முடிக்கவில்லை, துதியோடுதான் முடிக்கிறார். ஆனால் அந்தத் துதிக்கு முன்னால் 9ஆம் அதிகாரத்தில் அவர் படுகிற வேதனையைப் பார். என் சகோதரருக்காக நானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிறார். யூதனுடைய இரட்சிப்பைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அந்தக் கண்ணீர் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

யூதர்களுக்குத் தேவனைப்பற்றி வைராக்கியம் உண்டு என்றும் பவுல் சாட்சி சொல்லுகிறார், அறிவுக்கேற்றது அல்ல என்று சொன்னாலும். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் உபாகம வசனத்தைப் பக்தியுள்ள யூதர் காலையும் மாலையும் சொல்லுவார், முதல் வரிக்கு வலது கையால் கண்ணை மூடிக்கொண்டு. முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் அன்புகூருவாயாக என்கிற அதே வசனம்தான். எது பிரதான கற்பனை என்று கேட்டபோது நம் ஆண்டவர் சொன்னதும் இதைத்தான். எங்கள் ஆச்சி விடியற்காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து முணுமுணுப்பாளே, நீயும் கேட்டிருக்கிறாய். எழுத்துத் தெரியாதவள், அந்த வசனம் மட்டும் ஒரு சொல் பிசகாது. அது யாருடைய வீட்டிலிருந்து அவள் வாய்க்கு வந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

இன்னொரு பக்கமும் ஒரு வார்த்தை. இஸ்ரவேல் கொடியைப் பீடத்தில் வைத்து, எக்காளம் ஊதி, அந்த அரசாங்கம் செய்வதெல்லாம் தீர்க்கதரிசனம் என்கிற ஊழியர்களும் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. பெத்லகேமிலேயே நம்மைப் போன்ற லூத்தரன் சபை, பாலஸ்தீனர்களுடையது, இருக்கிறது, அரபு மொழியில் ஆராதிக்கிறார்கள். அவர்களுடைய அழுகையும் ஆண்டவர் காதில்தான் விழுகிறது.

இந்தப் பெரிய வெள்ளிக்குச் ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாம் வார்த்தையைப் பேச எனக்குக் கொடுத்திருக்கிறார் எங்கள் போதகர் ஐயா. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." அந்த "இவர்களுக்கு" என்ற ஒரு சொல்லையே பதினைந்து நிமிஷமும் பேசலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகள் நாடகமும் உண்டு. ஒத்திகைக்குப் போனேன், கரிச்சட்டி தயாராய் இருந்தது. தாடி வரைவதென்றால் எல்லோருக்கும் வரையுங்கள், இயேசுவுக்கும் பேதுருவுக்கும் சேர்த்து என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறு பள்ளி டீச்சர் கொஞ்சம் யோசித்தார், பிறகு சரியென்றார். பேதுருவாக நடிக்கிற பயலுக்கு ஒரே சந்தோஷம்.

முடிந்தால் அந்த வாரம் வந்து எங்களோடு இரு. மூட்டு ஒத்துழைத்தால் தரங்கம்பாடிக் கடற்கரை வரைக்கும் மெதுவாய் நடக்கலாம். வரும்போது செந்தூரா ஒட்டுக்கன்று இரண்டு கொண்டுவா, கிணற்றடியில் குழி தோண்டி வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

என்றும் உன்,
பழைய பள்ளித் தோழன்