அந்த முதல் எழுத்த மட்டும் அழிச்சிடுங்க

நர்சரி, பார்க், தாவரத் தோட்டம் நடத்துற எல்லாருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து எழுதுறேன். எரித்ரினா கன்னு வாங்கலாம்னு இங்க ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். நம்ம கல்யாண முருங்கைக்கு இது பங்காளி, அதே மாதிரி கொம்ப ஒடிச்சு நட்டாலே துளிர்த்துடும், இலை கொட்டினதும் மரம் பூரா ஆரஞ்சு சிவப்புல பூத்து நிக்கும். டேக்ல இன்னும் "எரித்ரினா காஃப்ரா"ன்னுதான் இருக்கு. தண்ணி ஊத்திட்டிருந்த ஸூலு அண்ணன்கிட்ட என்ன மரம்னு கேட்டேன், "உம்சின்சி"ன்னு சிரிச்சிட்டே சொன்னார், அப்புறம் நான் அந்த டேக்க காட்டினதும் ஒண்ணுமே பேசாம அத திருப்பி விட்டுட்டு அடுத்த தொட்டிக்குப் போயிட்டார். எனக்கு நெஞ்சு சுருக்குன்னுச்சு.

டேக்ல இருக்கற அந்தக் "காஃப்ரா", இஸ்லாத்த நம்பாதவங்கன்னு அர்த்தப்படற காஃபிர்ங்கற அரபிச் சொல்லுலேர்ந்து வந்தது. 1770கள்ல ஸ்வீடன்காரர் துன்பெர்க் இங்க செடி சேகரிச்ச காலத்துல ஐரோப்பியர்கள் இந்தப் பக்கத்த காஃப்ராரியான்னு சொன்னாங்க, பேரும் அப்படித்தான் ஒட்டிக்கிச்சு. ஆனா நிறவெறி ஆட்சியில கறுப்பின மக்கள் மேல துப்பின வசை அந்தக் காஃபிர்ங்கற சொல்தான், இன்னிக்கு இங்க ஒருத்தர பாத்து அத சொன்னா கோர்ட்டுக்கே போகணும்.

அதனாலதான் 2024 ஜூலைல மாட்ரிட்ல கூடின தாவரவியல் மாநாட்டுல, தென்னாப்பிரிக்காவுல இருக்கற தாவரவியலாளர்கள் கிதியோன் ஸ்மித், எஸ்ட்ரேலா ஃபிகெய்ரேதோ ரெண்டு பேரும் கொண்டுவந்த முன்மொழிவு 351க்கு 205ன்னு ஜெயிச்சுது. 200க்கு மேல இனங்களுக்குப் பேர் மாறுது. காஃப்ரா இனி ஆஃப்ரா, அதாவது ஆப்பிரிக்காவோடது. இங்க இருக்கற கெய் ஆப்பிள்ங்கற பழமரத்துக்கும் அப்படித்தான்.

பேர மாத்தினா குழப்பம் வரும்னு பயந்தவங்க இருக்காங்க, அந்தக் கவலை எனக்கும் புரியுது, ஆனா இங்க போறது லத்தீன் ஸ்பெல்லிங்ல முதல் "சி" ஒண்ணே ஒண்ணுதான், மரத்துக்குப் பேர் வச்சவர்னு போடற துன்பெர்க் பேர் அப்படியே பக்கத்துல நிக்கும், தேடுறவங்களுக்கும் மரம் கிடைக்கும்.

பழைய டேக் ஸ்டாக் தீரட்டும்னு சொல்றாங்க. புதுசு அடிக்கவே வேணாம்ங்க, அந்த ஒரு எழுத்து மேல ஒரு சொட்டு பெயிண்ட் வச்சா மிச்சம் இருக்கறது சரியான பேர்தான். முடிஞ்சா பக்கத்துலயே "உம்சின்சி"ன்னும் எழுதிடுங்க, துன்பெர்க் வர்றதுக்கு முன்னாடியே மரத்துக்கு இங்க இருந்த பேர் அது.

அடுத்த மாசம் அதே நர்சரிக்கு மறுபடி போவேன். பிரஷ் நானே கொண்டு வரேன்.